ஒன்பது மணிக்கு வா

இப்போது வேண்டாம்.
காலை ஆறே முக்கால். பள்ளிப் பேருந்து கீழே உறுமிக்கொண்டு நிற்கிறது,
தீரனுடைய ஒரு காலுறையைக் காணோம்.
நீ ஒன்பது மணிக்கு வா.
இரவு ஒன்பது.
ஒன்பது இருபதுக்கு எழுந்து போய்விட வேண்டும்.

ஆட்குறைப்புக் கடிதம் வந்த முதல் வாரம்
உனக்கு நேரங்காலமே கிடையாது.
அரிசி களையும்போது வந்தாய்.
மின்தூக்கியில் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் வந்தாய்.
விடிகாலை மூன்று மணிக்கு
என் தலையணையில் பாதியை எடுத்துக்கொண்டாய்.
துவாசில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனிக்குப்
பதினாறு வருடம் கணக்கெழுதியவள் நான்.
கடன்காரர்களை எனக்குத் தெரியும்.
எப்போது வேண்டுமானாலும் வா என்றால் எப்போதும் வருவார்கள்.
தேதி குறித்துக் கொடுத்தால்
முணுமுணுத்துக்கொண்டே தேதிக்கு வருவார்கள்.

அதனால்தான் இந்த ஏற்பாடு.
ஈசூன் வீட்டின் சமையலறை மேசை,
காகிதச் சுருள் துப்பும் பழைய கால்குலேட்டர்
(கம்பெனியில் எடுத்துப்போ என்றார்கள், வேறு யாருக்கும் வேண்டாம்),
கட்டம் போட்ட நோட்டு.
எதிர் நாற்காலி உனக்கு.

வீட்டுக் கடன், சேமநிதியிலிருந்து போகிறது, பதினொரு மாதம் தாங்கும்.
தண்ணீர், மின்சாரம்.
டியூஷன்.
குணாளனுக்கு ஓவர்டைம் நின்று இரண்டு மாதம்.
இனி நீ கேள் என்பேன்.
அவர் வேலையும் போனால்?
எழுதிக்கொள்வேன்.
நாற்பத்தேழு வயதில் உன்னை யார் எடுப்பார்கள்?
அதையும் எழுதிக்கொள்வேன்.
பதில் இல்லாத கேள்விக்கு எதிரே ஒரு சிறு கோடு.
எங்கள் கணக்கில் கோடு என்றால் பூஜ்யம் என்று பொருளில்லை,
தொகை இன்னும் வந்து சேரவில்லை.

ஒன்பது இருபது. எழுந்திரு.

தினமும் இப்படித்தான் என்று பொய் சொல்ல மாட்டேன்.
செவ்வாய்க்கிழமை நேர்முகத் தேர்வுக்குப் போகையில்
ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.
காத்திப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவே நிலையமே இல்லை.
மரங்கள், மரங்கள்.
யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.
அவ்வளவு தூரமும் அழுதேன்.
எதிரே ஒரு மலாய்ப் பெண்
கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே
டிஷ்யூ பொட்டலத்தை நீட்டினாள்.
மிச்சத்தை மத்தியானம் உணவங்காடியில்
மேசைமேல் வைத்து இடம் பிடித்தேன்.

புது மென்பொருள் தெரியுமா என்றார்கள்.
கற்றுக்கொள்வேன் என்றேன்.
சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.
நோட்டில் ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை நீ வந்தபோது நாற்காலியில் ஆள் இருந்தது.
எதிர்வீட்டு சியூ லிங், தன் பில் கட்டோடு.
முடிதிருத்தும் கடையில் நாளெல்லாம் நாற்காலிகள் சும்மா கிடக்கின்றனவாம்,
வாடகை மட்டும் சும்மா இருப்பதில்லையாம்.
உன் மிஷின் சத்தம் தாழ்வாரம்வரை கேட்கிறது,
என்னுடையதையும் கூட்டித் தா என்றாள்.
எங்களுக்குள் அரைகுறை இங்கிலீஷ், மீதி எண்கள்.
அவள் கடையை நான் கூட்டினேன்.
என் வீட்டை அவள் சரிபார்த்தாள்,
ஓரிடத்தில் நகம் வைத்துத் தட்டினாள்:
டியூஷனை இரண்டு தடவை எழுதியிருக்கிறாய்.

நாற்பது வெள்ளி.
மூன்று வாரமாக
நாற்பது வெள்ளி அதிகமாகப் பயந்திருக்கிறேன்.

சிரித்த சிரிப்பில் குணாளன் எழுந்து வந்துவிட்டார்.
நீ வாசலோரம் நின்றுகொண்டே இருந்தாய்.
ஒன்பது இருபது போனது, ஒன்பது ஐம்பதும் போனது.
உன்னை எழுந்திரு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை,
நீ உட்காரவே இல்லையே.

வேலை இன்னும் கிடைக்கவில்லை.
நாளைக்குத் தீரனுக்குக் காலணி வாங்க வேண்டும்.
கால் வளர்கிறது, சந்தை நிலவரம் கேட்டுக்கொண்டா வளரும்?

நீ வராமல் இருக்க மாட்டாய், தெரியும்.
குடியிருப்பின் கீழ்த்தளத்தில் யாரோ கழித்துப் போட்ட
நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறேன்.
ஒரு கால் குட்டை.
கம்பெனிக் கடிதம் வந்த உறையை
நாலாய் மடித்து அடியில் கொடுத்தேன்.
கடிதம் வேண்டியிருக்கும், கோப்பில் இருக்கிறது.

ஆட்டம் முழுசாக நிற்கவில்லை.
உட்காரலாம்.
ஒன்பது மணிக்கு.